வேம்பும் ஹகீமும் வேதியியலாரும்

ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் திரும்பும் தமிழக ஹாஜிகள் அரஃபா நாளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மரத்தைப் பற்றியும் சொல்வதுண்டு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெண்ணிற இஹ்ராம் உடைகள், உச்சி வெயில், நிழல் தேடி ஒதுங்கி நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே நம் ஊர் வேப்பமரம். "அங்கேயும் வேம்புதான் ஹஜ்ரத்!" என்று அவர்கள் வியந்து கூறப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அம்மரங்கள் அம்மண்ணில் தாமாக முளைத்தவை அல்ல. ஸவூதி நாட்டுக் கொடையாளர் ஒருவர் ஹாஜிகளின் நிழலுக்காக அரஃபா வெளியில் 50,000 வேம்புகளை நட்டார் என்று, அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழுமம் வேம்பைப் பற்றி 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் குறிப்பிடுகின்றது. வளைகுடா அரபியர் இம்மரத்தை 'ஷரீஷ்' என்பர். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் இதன் பெயர் 'முவாரொபாய்னி'. நாற்பது என்று பொருள்படும் 'அர்பஈன்' என்னும் அரபுச் சொல்லே அப்பெயருக்குள் மறைந்து நிற்கின்றது. நாற்பது நோய்களைத் தீர்க்கும் மரம் என்பது அம்மக்களின் நம்பிக்கை. இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு மரம் கடல் கடந்து அரபுச் சொல்லொன்றைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட வரலாறு இனிமையானதுதான். ஆனால் நாம் இங்கு எழுத விரும்புவது வேறொரு வரலாறு. நாற்பது நோய்க்கு மருந்து என்னும் நம்பிக்கை எப்படிச் சோதிக்கப்பட்டது, யார் சோதித்தார்கள், அச்சோதனையில் எது நின்றது, எது விழுந்தது என்பதே அது.

நம் பிழையிலிருந்து தொடங்குவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது விழா மேடையில் முஸ்லிம் அறிஞர்களின் மருத்துவத் தொண்டு குறித்துப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. பேச்சின் வேகத்தில், "இன்று உலகம் கொண்டாடும் வேம்பைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் எழுதிவிட்டார்" என்று முழங்கினோம். கூட்டத்திலும் நல்ல வரவேற்பு. விழா முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், அந்த நூலில் இம்மரத்தின் பழத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. நூலைத் திறந்து பாராமலேயே, எங்கோ படித்ததை நாம் மேடையில் ஒப்பித்திருந்தோம்.

அன்றிரவே அல்கானூனின் இரண்டாம் பாகத்தை எடுத்தோம். தனி மருந்துகளை அகர வரிசையில் கூறும் பகுதி அது. அதில் 'ஆஸாத் திரக்த்' என்னும் பெயர் இருக்கத்தான் செய்கின்றது. 'சுதந்திர மரம்' என்று பொருள்தரும் பாரசீகப் பெயர். அதன் இலைச்சாறு பேனை ஒழிக்கும், கூந்தலை வளர்க்கும் என்று இப்னு ஸீனா குறிப்பிடுகின்றார். அதன் கனியோ வயிற்றுக்குக் கேடு, உயிரையே போக்கவும் கூடும் என்றும் எச்சரிக்கின்றார்.

பேராசிரியரின் கேள்வி அப்போதுதான் விளங்கிற்று. நம் ஊர்ச் சிறுவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் மரத்தடியில் உதிர்ந்த வேப்பம்பழத்தைச் சுவைத்துக் கொட்டையைத் துப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காக்கைகளும் அதையே தின்கின்றன. உயிரைப் போக்கும் கனி இதுவன்று. இப்னு ஸீனா வர்ணித்தது பாரசீகத்தில் வளரும் வேறொரு மரம். வேம்பின் நெருங்கிய உறவு. வேம்பின் பூ வெண்மை, அதன் பூ ஊதா. வேம்பின் இலை ஒருமுறை பிரிந்தது, அதன் இலையோ கிளைத்து மீண்டும் பிரிந்தது. தமிழில் அதற்கு மலைவேம்பு என்னும் பெயர் வழங்குகின்றது. ஆந்திர மக்கள் அதனைத் 'துருக்க வேம்பு' எனப் பொருள்படும் 'துரக வேப்ப' என்று அழைக்கின்றனர். மரம் எத்திசையிலிருந்து வந்தது என்பதை அம்மக்களின் நாவு நினைவில் வைத்திருக்கின்றது.

இக்குழப்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு இவ்விரு மரங்களுக்கும் அறிவியற் பெயர் சூட்டியபோது, ஒன்றை 'மீலியா அஸெடராக்' என்றும், மற்றொன்றை 'மீலியா அஸாதிராக்தா' என்றும் அழைத்தார். இரண்டுமே 'ஆஸாத் திரக்த்' என்னும் அதே பாரசீகச் சொல்லின் திரிபுகள். பின்னர் 1830இல் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியூ வேம்பைத் தனி இனமாகப் பிரித்து 'அஸாதிராக்தா இண்டிகா' என்றார். இன்றுவரை அதுவே அதன் பெயர். யூனானி நூல்கள் இதே வேறுபாட்டைக் காக்க, வேம்பை 'ஆஸாத் திரக்தே ஹிந்தி', அதாவது இந்தியச் சுதந்திர மரம் என்று குறிக்கின்றன.

பெயர்க் குழப்பம் மருத்துவத்தில் சிறு பிழையன்று. ஒரு மரத்தின் கனி உணவாகும். மற்றொன்றின் கனி நஞ்சாகும். இதை நன்குணர்ந்தவர் அல்பீரூனி (ஹிஜ்ரி 362–440). தம் வாழ்நாளின் இறுதியில் அவர் தொகுத்த 'கிதாபுஸ் ஸைதனா' ஒவ்வொரு மருந்துக்கும் அரபு, பாரசீகம், கிரேக்கம், சிரியாக், இந்திய மொழிகள் எனப் பல மொழிப் பெயர்களை அருகருகே வைத்து ஒப்பிடுகின்றது. பெயரைச் சரிபார்த்த பின்னரே மருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அந்நூல் கற்பிக்கும் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைத்தான் மேடையில் நாம் மறந்தோம்.

சோதனைக்கு ஏழு நிபந்தனைகள்

இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370–428) வேம்பைப் பற்றி எழுதவில்லை என்பதால் வேம்பின் வரலாற்றில் அவருக்கு இடமில்லை என்று கருதிவிடலாகாது. அவருக்குரிய இடம் வேறு. அல்கானூனின் அதே இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், மருந்தின் குணத்தை அறிய இரு வழிகள் உண்டு என்கிறார்: ஒன்று கியாஸ், அதாவது ஊகித்தறிதல்; மற்றொன்று தஜ்ரிபா, அதாவது சோதித்தறிதல். சோதித்தறிவதற்கு ஏழு நிபந்தனைகளையும் விதிக்கின்றார்.

மருந்து தன் இயல்பில் தூயதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தேறிய வெப்பமோ குளிர்ச்சியோ அதில் கலந்திருக்கக் கூடாது. பல நோய்கள் பின்னிக் கிடக்கும் உடலில் அன்றி, ஒற்றை நோயில் அதைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இரு நோய்களில் அதன் விளைவைக் காண வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக இருக்க வேண்டும். விளைவு எப்போது தோன்றுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்விளைவு எப்போதும், அல்லது பெரும்பாலும், தொடர்ந்து நிகழ்கின்றதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் அது தற்செயல். இறுதியாக, சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும். ஏனெனில் விலங்குக்குப் பலிப்பது மனிதனுக்குப் பலிக்காமற் போகலாம்.

இவ்வேழையும் இன்றைய மருந்தாய்வாளர் ஒருவரிடம் காட்டினால் அவர் அந்நியமாக உணரமாட்டார். முன்னோர் நூல் நமக்குத் தந்த பெருஞ்செல்வம், அதிலுள்ள மருந்துப் பட்டியலைவிட அப்பட்டியலைச் சோதிப்பதற்கான இந்த அளவுகோலே என்பது நம் கருத்து. வேம்பின் வரலாற்றில் அந்த அளவுகோலை மீண்டும் கையிலெடுத்தவர்கள் டில்லியில் தோன்றினார்கள்.

ஹகீம் ஸாஹிபின் கனவு

ஹகீம் அஜ்மல் கானை நம் வாசகர்கள் பெரும்பாலும் விடுதலைப் போராட்டத் தலைவராகவும், 1920இல் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராகவும் அறிவர். அவர் பல தலைமுறைகளாக யூனானி வைத்தியம் செய்துவந்த டில்லிக் குடும்பத்தின் வாரிசு. ஆங்கில ஆட்சி நாட்டு மருத்துவத்தை ஓரங்கட்ட முயன்ற காலம் அது. அதை எதிர்க்க அவர் 1910இல் ஆயுர்வேத, யூனானி மருத்துவர்களை ஒரே மாநாட்டு அமைப்பில் ஒன்று திரட்டினார். டில்லி கரோல் பாகில் இரு மருத்துவங்களையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் திப்பியாக் கல்லூரிக்கு 1916இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1921 பிப்ரவரி 13 அன்று காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார்.

எதிர்ப்பு மட்டும் போதாது என்பதை ஹகீம் ஸாஹிப் உணர்ந்திருந்தார். நம் மருந்துகள் பலனளிக்கின்றன என்று நாமே சொல்லிக் கொண்டிருப்பதால் பயனில்லை. ஏன் பலனளிக்கின்றன என்பதை உலகம் ஒப்பும் மொழியில் காட்ட வேண்டும். அதற்கு யூனானி மருந்துகளை ஆராயும் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று வேண்டும் என விரும்பினார். அதற்குரிய ஆளாக அவர் கண்டது ஓர் இளைஞரை.

அவ்விளைஞர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி. 1897இல் பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தவர். அலீகரில் அவர் பயின்றது வேதியியலன்று; 1919இல் பட்டம் பெற்றது தத்துவத்திலும் பாரசீக மொழியிலும்! மருத்துவம் கற்க 1920இல் லண்டன் சென்றவர், அடுத்த ஆண்டே ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்கு மாறி வேதியியலில் ஆழ்ந்தார். யூலியஸ் ஃபோன் பிரவுன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் நல்ல ஓவியருங்கூட. ஜெர்மனியில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர்.

ஹகீம் அஜ்மல் கான் 1927 டிசம்பர் 29 அன்று மறைந்தார். மறு ஆண்டு டில்லித் திப்பியாவில் ஆயுர்வேத, யூனானி ஆய்வுக்கூடம் உருவானபோது அதைக் காண அவர் இல்லை. அங்குப் பணி தொடங்கிய ஸித்தீக்கி முதலில் எடுத்துக்கொண்டது, மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் ஹகீம்கள் கொடுத்துவந்த 'அஸ்ரோல்' என்னும் சர்ப்பகந்தா வேர். 1931இல் அவ்வேரிலிருந்து புதிய பொருளொன்றைப் பிரித்தெடுத்து, தம்மை ஊக்கியவரின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீராக்கும் மருந்தாக அது பின்னர் பயன்பட்டது. 'புருகாடா' எனப்படும் மறைந்திருக்கும் இதயக் கோளாற்றை வெளிக்கொணரும் சோதனைக்கு மருத்துவர்கள் இன்றும் அஜ்மலினை ஊசிவழி செலுத்துகின்றனர். டில்லி ஹகீம் ஒருவரின் பெயர் உலகின் இதய மருத்துவமனைகளில் இன்றும் ஒலிக்கின்றது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வேர் மனத்தை அமைதிப்படுத்துவதற்கு முதன்மைக் காரணம் அஜ்மலின் அன்று. 'ரெஸர்பின்' என்னும் மற்றொரு பொருள். அதை 1952இல் பிரித்தெடுத்தவர்கள் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள். ஹகீம்களின் அனுபவம் உண்மையாயிற்று. ஆனால் அதன் காரணத்தை முழுமையாக அறிய அடுத்தொரு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

கசப்பைப் பிரித்த கதை

ஸித்தீக்கி 1940இல் அரசின் அறிவியல், தொழில் ஆய்வு அமைப்பில் சேர்ந்தார். அக்காலத்தில் அவர் கவனம் வேம்பின்மீது திரும்பிற்று. வேம்பு அறியாத வீடு நாட்டில் இல்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை. பல் துலக்க வேப்பங்குச்சி. நெல்லுக்கும் துணிக்கும் நடுவே உலர்ந்த இலை. சொறி சிரங்குக்கு எண்ணெய். தமிழர் சமையலில் வேப்பம்பூ இரசம். ஆனால் வேதியியலார் பலருக்கு அதன் எண்ணெய் பிடிக்காத பொருள். கந்தகச் சேர்மங்களால் எழும் நாற்றமும் கொழுப்பும் சேர்ந்து, அதற்குள் இருக்கும் கசப்பைப் பிடிகொடுக்க விடவில்லை.

கரைப்பான்கள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி எண்ணெயிலிருந்து கசப்பை மட்டும் பிரித்தார் ஸித்தீக்கி. ஒன்றல்ல, மூன்று பொருள்கள் கிடைத்தன. படிக வடிவிலான இரண்டுக்கு நிம்பின், நிம்பினின் என்றும், படிகமாகாத மூன்றாவதற்கு நிம்பிடின் என்றும் பெயரிட்டார். பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் 1942இல் அச்சான சிறு குறிப்பொன்றில் அதை அறிவித்தார். வேம்பின் கசப்பு அன்றுதான் முதன்முறையாக வேதியியலின் பெயர்களைப் பெற்றது எனலாம். இன்று அம்மரத்திலிருந்து அறியப்பட்ட பொருள்கள் நூற்றுக்கணக்கானவை. அந்நெடும் வரிசை அச்சிறு குறிப்பிலிருந்து தொடங்குகின்றது.

அப்பொருள்களில் முக்கியமானவற்றை வேதியியலார் 'லிமோனாய்டு' என்னும் குடும்பத்தில் வைக்கின்றனர். எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளின் கசப்பும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே; பெயரும் அதனால் வந்ததே. மரம் முதலில் 30 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு பொருளை ஆக்குகின்றது. பின் அதில் நான்கை நீக்கி, 26 அணுக்கள் கொண்ட சட்டகமாகச் சுருக்கி, அதன்மேல் ஆக்சிஜனைப் பல இடங்களில் பதிக்கின்றது. பதிக்கும் இடத்திற்கேற்பப் பொருளும் அதன் குணமும் மாறுகின்றன. நைஜீரியாவின் இபாதான் நகரில் எக்கோங் என்னும் வேதியியலார் 1967இல் அமைப்பை வெளியிட்ட 'நிம்போலைடு' இவ்வகையில் மற்றொன்று. அது வேப்பிலையில் மிகுந்துள்ளது.

வெட்டுக்கிளி ஒதுக்கிய மரம்

வேம்பின் மிகப் புகழ்பெற்ற பொருளைக் காட்டிக்கொடுத்தது மருத்துவரன்று, வெட்டுக்கிளி. திருக்குர்ஆனில் ஃபிர்அவ்னின் கூட்டத்தார்மீது அனுப்பப்பட்ட சோதனைகளுள் ஒன்றாகக் கூறப்படும் அதே வெட்டுக்கிளிதான். சூடானில் 1959இல் வெட்டுக்கிளிப் படையொன்று இறங்கிப் பசுமையனைத்தையும் மொட்டையடித்தபோது, வேப்பமரங்கள் மட்டும் தீண்டப்படாமல் நிற்பதை ஜெர்மன் பூச்சியியலார் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆய்வு நிலையத்தில் பிரதானும் அவர்தம் குழுவினரும் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிர்மேல் தெளித்து, வெட்டுக்கிளிகள் அப்பயிரை உண்ணாது விலகுவதை 1962இல் வெளியிட்டனர்.

அடுத்து, பட்டர்வர்த், மார்கன் என்னும் இருவர் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டைச் சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பாலைவன வெட்டுக்கிளிக்குக் கொடுத்துப் பார்த்தனர். எந்தப் பகுதியை அது உண்ண மறுத்ததோ அதை மேலும் பிரித்தனர். இவ்வாறு 1968இல் கிடைத்ததே 'அஸாதிராக்தின்'. பழைய பாரசீகச் சுதந்திர மரத்தின் பெயர் அதிலும் நிலைத்திருப்பதைக் காணலாம்.

அது பூச்சியை உடனே கொல்வதில்லை. முதலில் பசியை அடக்கும். மீறி உண்டால், பூச்சி தோலுரித்து வளர்வதற்கான இயக்குநீர்ச் சுரப்பைக் குலைக்கும். தோலுரிக்க இயலாத புழு வளர்ச்சியின்றி மடியும். மனிதருக்கும் கால்நடைக்கும் தோலுரிக்கும் இயக்குநீர் இல்லை. எனவே இப்பொருள் பூச்சிக்கு எதிரியாகவும் பாலூட்டிகளுக்குப் பெரும்பாலும் தீங்கற்றதாகவும் விளங்குகின்றது. வெயிலில் எளிதில் சிதைந்துவிடும் என்பது அதன் குறை. ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலை நேரத்தில் தெளிக்குமாறு நம் உழவர்களுக்குச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

அந்த ஒரு மூலக்கூற்றில் 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. அதன் சரியான அமைப்பை உறுதிசெய்யவே 1980களின் பிற்பகுதி வரை ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே தலைமையிலான குழு அதை ஆய்வுக்கூடத்தில் முழுமையாக ஆக்கிக்காட்டியது 2007இல். அதற்கு அவர்கள் செலவிட்டது 22 ஆண்டுகள். மரம் ஒவ்வொரு கோடையிலும் ஓசையின்றிச் செய்யும் வேலை அது. சென்னையிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்தது. புகழ்பெற்ற வேதியியலார் டி.ஆர். கோவிந்தாச்சாரி தம் முதுமைக் காலத்தில் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் அஸாதிராக்தினின் பல வகைகளைப் பிரித்து ஆராய்ந்தார்.

மருந்தாக எது நின்றது?

இனி நாற்பது நோய்களுக்கு வருவோம். இப்னு ஸீனாவின் ஏழு நிபந்தனைகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதே நேர்மை.

பல்லுக்கும் ஈறுக்கும் வேம்பு நன்மை செய்கின்றது என்பதற்கு மனிதரிடம் செய்த சோதனைச் சான்று உண்டு. மணிப்பாலில் ஆறு வாரம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வேப்பிலைச் சாற்றுக் களிம்பு பற்படலத்தைக் குறைத்தது. சொறி நோய்க்கு வேம்பையும் மஞ்சளையும் அரைத்துப் பூசிய 814 பேரில் 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாட்களுக்குள் குணமடைந்தனர் என்று 1992இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அது முன்னோட்ட ஆய்வு மட்டுமே. வேம்பின்றி மஞ்சளை மட்டும் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் கேள்விக்கு அது விடை தருவதில்லை. ஸித்தீக்கி பிரித்த நிம்பிடின் வீக்கத்தையும் வயிற்றுப் புண்ணையும் குறைப்பதை விலங்குகளில் கண்டுள்ளனர். ஏழாம் நிபந்தனை நினைவிருக்கட்டும். நிம்போலைடு புற்றுச் செல்லுக்குள் எந்தப் புரதத்தைப் பற்றுகின்றது என்பதைக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தனர். அது அரிய கண்டுபிடிப்பு. ஆயினும் ஆய்வுக்கூடக் குடுவைக்குள் நிகழ்ந்தது. வேப்பிலையை மென்றால் புற்றுநோய் தீரும் என்று கைப்பேசிகளில் உலாவும் செய்திகளுக்கு அது சான்றாகாது. நம்மவர் சிலர் அச்செய்திகளுக்கு 'திப்புன் நபவி' என்று தலைப்பிட்டும் பரப்புகின்றனர். அவ்வாறு செய்வது நோயாளிக்கும் தீங்கு, அத்தூய பெயருக்கும் தீங்கு.

இதை வன்மையாகச் சொல்லக் காரணம் உண்டு. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு வீட்டு வைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டியதால் வாந்தி, மயக்கம், வலிப்பு, ஈரல் பாதிப்பு ஆகியவை நேர்ந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1981இல் 'லான்செட்' இதழில் பதிவு செய்தனர். உயிரிழப்பும் நேர்ந்தது. 'மரத்திலிருந்து வந்தது, தீங்கு செய்யாது' என்னும் நம்பிக்கையில் அன்பு மிக்க கைகளே அதைப் புகட்டின. கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு, பூவில் வைத்த இரசம் வேறு. மேல் பூச்சுக்கு உதவுவது வயிற்றுக்கு உதவும் என்பதில்லை. பெரியவர் தாங்குவதைக் குழந்தை தாங்காது. கனியின் நஞ்சை இப்னு ஸீனா மறவாமல் எழுதியதைப் போலவே, நம் மரத்தின் தீமையையும் மறவாமல் சொல்வதே அவர் வழிநிற்றல். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கலாகாது என்பதை நம் மஹல்லாக்களில் பெண்களுக்கான பயான்களிலும் சொல்ல வேண்டும்.

எழுதி வைக்காத அறிவு

வேம்பின் வரலாற்றில் வழக்காடுமன்றத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. பயிர்களில் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்த வேப்பெண்ணெய்ச் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவின் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்தா அல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஆகியோர் 1995இல் எதிர்த்து முறையிட்டனர். 2000ஆம் ஆண்டு காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியாயிற்று.

அவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 'எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இது உண்டு' என்று சொன்னால் மட்டும் காப்புரிமை அலுவலகம் ஏற்பதில்லை, சான்று கேட்கும். காப்புரிமைக்கு முன்பே வேப்பஞ்சாற்றை ஆக்கி வயல்களில் சோதித்திருந்த இந்திய உற்பத்தியாளர் ஒருவரின் சாட்சியம் அங்கு முக்கியமாயிற்று. இவ்வகை வழக்குகளில் கற்ற பாடத்தால் இந்திய அரசு 2001இல் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கிற்று. ஆயுர்வேத, சித்த, யூனானி நூல்களிலுள்ள மருந்து முறைகள் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஏற்றப்பட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்குக் கிடைக்கச் செய்யப்படுகின்றன. சித்தத்துக்குத் தமிழ் நூல்களும், யூனானிக்கு அரபு, பாரசீக, உருது நூல்களும் அதன் மூலங்கள்.

இவ்விடத்தில் நம் அரபுக் கல்லூரிகளைப் பற்றிச் சொல்லத் தோன்றுகின்றது. யூனானி மருத்துவம் கற்கும் மாணவருக்கு மருந்து தெரியும். மூல நூலின் அரபு கடினம். நம் மாணவருக்கு அரபு தெரியும். மருந்தின் மரத்தை அடையாளம் காட்டத் தெரியாது. தாவரவியல் மாணவருக்கு மரம் தெரியும். 'ஆஸாத் திரக்த்' தெரியாது. மூவரும் ஒரே மேசையில் அமர்வதில்லை. ஸித்தீக்கியின் வாழ்வோ பாரசீகப் பட்டத்தையும் ஜெர்மன் வேதியியலையும் ஒரே மனிதரில் இணைத்தது. நாடு பிரிந்தபின் 1951இல் கராச்சி சென்ற அவர், 1961இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு நிலையத்தை உருவாக்கினார். முதுமையிலும் மாணவர்களோடு அவர் திரும்பத் திரும்ப ஆராய்ந்தது வேம்பைத்தான். 1994 ஏப்ரல் 14 அன்று, தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

இப்னு ஸீனா வேம்பைப் பற்றி எழுதினார் என்று முழங்குவது எளிது; அதற்கு நூலைத் திறக்கவும் தேவையில்லை. அவர் விதித்த நிபந்தனைகளின்படி வேம்பைச் சோதிப்பது கடினம். அதற்கு ஓர் ஆயுள் தேவைப்படுகின்றது. முன்னதைச் செய்தவர்கள் நாம். பின்னதைச் செய்தவர்களுள் ஒருவர் ஸித்தீக்கி. இருவரில் யார் இப்னு ஸீனாவை அதிகம் மதித்தவர் என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

மேடையில் செய்த பிழைக்குப் பரிகாரமாக எம் கல்லூரியில் சிறு ஏற்பாடு ஒன்றைச் செய்திருக்கிறோம். இறுதி ஆண்டு மாணவர்கள் மாதம் ஒருமுறை அல்கானூனின் இரண்டாம் பாகத்திலிருந்து ஒரு மருந்தை எடுத்து வாசிப்பர். அதற்குரிய செடியையோ மரத்தையோ நேரில் பார்த்து, பெயர், இலை, பூ, கனி ஆகியவை நூலோடு பொருந்துகின்றனவா என்று எழுதிவர வேண்டும். அந்தத் தாவரவியல் பேராசிரியரே அன்போடு வந்து அவற்றைத் திருத்தித் தருகிறார். முதல் மாதம் நாம் கொடுத்த பாடம் 'ஆஸாத் திரக்த்'. கல்லூரி முற்றத்து வேம்பின் கிளையோடு வந்த மாணவர்கள் எல்லாரும் அன்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரே ஒருவர், பக்கத்து ஊரிலிருந்து ஊதாப் பூவோடு கூடிய கிளையைக் கொண்டு வந்திருந்தார்.